அரை மாத்திரையும் பதினேழாம் விதியும்

எனக்கு ஒரு பதவி இருக்கிறது. அதை எப்படி வாங்கினாய் என்று யாராவது கேட்டால், மூன்று நாள் காய்ச்சலில் படுத்து வாங்கினேன் என்பதுதான் நேர்மையான பதில். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பது இப்போது தெரிகிறது. தெரிய வேண்டிய நேரத்தில் தெரியவில்லை.

தொழிலுக்கு நான் மருந்தாளுநன். ஒரு சின்ன கிளினிக்கின் கீழ்த்தளத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, டாக்டர் எழுதியனுப்புகிற மாத்திரைகளை எண்ணிக் காகித உறையில் போட்டு, மேலே லேபிள் ஒட்டிக் கொடுப்பேன். என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது, "இவர் மாத்திரை எண்ணுறவர்" என்பார். சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார். இருபது வருஷமாக அந்தச் சிரிப்பை விழுங்கிக்கொண்டுதான் அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தச் சிரிப்புதான் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் சிரித்தது மட்டும்தான் அவர். மற்றதெல்லாம் நான்.

லேபிள் அடித்துக் கொடுப்பது 'மருந்துச்சீட்டு' என்கிற மென்பொருள். இலவசம். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. எங்கெங்கோ இருக்கிற பலர் சேர்ந்து ஆசைக்காக எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று அதைப் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் கடைக்காரர் விளக்கினார். அப்படியானால் இதற்கு முதலாளி யார் என்று கேட்டேன். யாருமில்லை, எல்லாரும்தான் என்றார். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

கிளினிக்கில் புது லேபிள் மெஷின் மாட்டிய அன்றே பதிவேட்டுக்காரர் உறையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். நில ஆவண அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் பதிவேடு எழுதி ஓய்வுபெற்றவர். எழுத்தில் எது இருக்கிறதோ அதுதான் உலகத்தில் இருக்கிறது என்பது அவர் கட்சி. ரத்தக்கொதிப்புக்காக அவருக்குத் தினமும் காலையில் அரை மாத்திரை. தடுப்பின் ஓட்டை வழியாகக் குனிந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"தம்பி, பன்னிரண்டையும் ஒரே வாயில போடணுமா, இல்ல ஒண்ணொண்ணா போட்டுக்கலாமா?"

உறையை வாங்கிப் பார்த்தேன். 'காலை 12 மாத்திரை' என்றிருந்தது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய சாய்கோட்டைக் காணோம். அன்று காலையிலிருந்து அரை மாத்திரை வாங்கிப் போன ஒன்பது பேருக்கும் போன் போட்டேன். போன் எடுக்காத இரண்டு பேர் வீட்டுக்குக் கடையைச் சாத்திவிட்டு ஓடினேன். நல்ல வேளை, யாரும் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

மருந்துச்சீட்டின் இணையப் பக்கத்தில் குறை சொல்ல ஓரிடம் இருந்தது. நடந்ததை நாலு வரியில் எழுதினேன். நாற்பது நிமிஷத்தில் பதில் வந்தது. எழுதியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தையல்காரர்' என்று இருந்தது. கிழிந்த இடத்தையெல்லாம் ஒட்டுப் போடுகிறவர் என்பதால் அங்கே எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். "புது மெஷின் சாய்கோட்டத் தின்னுடுது. சரி பண்ணிட்டேன், இப்பவே போட்டுக்கோங்க. ஏற்கெனவே குடுத்த உறையெல்லாம் திருப்பி வாங்கிட்டீங்களா?" இவ்வளவுதான் கடிதம். வணக்கம் இல்லை, நன்றி இல்லை. அந்தக் கடைசிக் கேள்வியை என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன். பின்னால் நான் பல நூறு பக்கம் படித்தேன். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

திருத்தத்தைப் போட்டதும் சாய்கோடு திரும்பி வந்தது. கூடவே ஒரு கருத்துப் படிவமும் வந்தது. தையல்காரரின் பதிலால் நான் புண்பட்ட அளவு என்ன? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஏதாவது ஓர் எண்ணைத் தொட வேண்டும். பூஜ்யம் கிடையாது. தொடாவிட்டால் படிவம் போகாது, படிவம் போகாவிட்டால் குறை தீர்ந்ததாகக் கணக்கில்லை. இருப்பதிலேயே சின்னதான ஒன்றைத் தொட்டேன்.

அடுத்த தடவை பதிவேட்டுக்காரர் வந்தபோது, மெஷின் சரியாகிவிட்டது, இனிமேல் லேபிளில் என்ன இருக்கிறதோ அப்படியே சாப்பிடலாம், சந்தேகமே வேண்டாம் என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துத் தேதி போட்டு அதை எழுதிக்கொண்டார். "அப்போ கேக்க வேண்டியதில்ல" என்றார். வேண்டியதில்லை என்றேன்.

கதை இங்கேயே முடிந்திருக்கும். ஐந்து நாள் கழித்து வழிநடத்து குழுவிலிருந்து கடிதம் வந்தது. மருந்துச்சீட்டுக்கு அப்படியொரு குழு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பதின்மூன்று நாற்காலி. தையல்காரர் போட்ட திருத்தம் தற்காலிகமானது, அதைக் குழு முறைப்படி ஏற்க வேண்டும், அதற்கு முன் அரை என்பதை எப்படிக் காட்டுவது என்று ஆராயப் 'பின்னங்கள் உபகுழு' ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது, அந்த உபகுழுவின் எல்லைகளை வகுக்க இன்னொரு உபகுழு அமைக்கப்பட இருக்கிறது, என் பொறுமைக்கு நன்றி என்று இருந்தது. நான் பொறுமையாக இருப்பதாக யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கடிதத்தோடு சாசனமும் வந்தது. மருந்துச்சீட்டை நடத்துவதற்கான விதிகள். மென்பொருள் மொத்தம் ஒன்பதாயிரம் வரி என்று எங்கோ போட்டிருந்தது. சாசனம் பதினோராயிரம் வரி. மென்பொருளின் வரிகளில் பெரும்பாலானவை தையல்காரர் எழுதியவை. சாசனத்தில் அவர் எழுதியது ஒரு வரிகூட இல்லை. அதில் பதினேழாம் விதி இது: எந்தத் தீர்மானமும் குழுவின் முன் வைக்கப்பட்டு மூன்று நாளைக்குள் யாரும் மறுக்கவில்லை என்றால், எல்லாரும் அதை மனமார ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக்கொண்டிருக்க முடியாது இல்லையா, அதனால் நல்ல விதிதான் என்று நினைத்தேன். பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது.

நாலாம் நாள் எழுந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் வாழ்த்துகள் குவிந்து கிடந்தன. குழுவில் 'பயனர்களின் குரல்' என்றொரு நாற்காலி இரண்டு வருஷமாகக் காலியாக இருந்ததாம். குறை சொல்லி எழுதிய ஒரே பயனர் நான் என்பதால் என் பெயரை முன்மொழிந்திருக்கிறார்கள். நான் மூன்று நாள் வாயே திறக்கவில்லை. அதனால் மனமார ஏற்றுக்கொண்டேன். இப்படியாக, முனகக்கூடத் தெம்பில்லாமல் கிடந்து, குரல் ஆனேன்.

வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், சத்தியமாக. அதற்குள் மனைவி குழுவின் பக்கத்தில் என் படத்தைப் பார்த்துவிட்டாள். வட்டத்துக்குள் என் முகம், கீழே பதவி. அதைக் குடும்பக் குழுவில் போட்டாள். சாயங்காலம் மச்சான் போன் பண்ணி, "என்ன மாப்ள, பெரிய எடத்துல எல்லாம் உக்காந்துட்டீங்க போல" என்றார். சிரிக்கவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை. வேண்டாம் என்ற கடிதத்தை அழித்தேன்.

முதல் கூட்டம் கம்ப்யூட்டர் திரை வழியாக நடந்தது. பதின்மூன்று கட்டங்களில் பதின்மூன்று முகம். முதலில் ஒவ்வொருவரும் இன்று எந்த மனநிலையோடு வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். நான், சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். அப்புறம் போன கூட்டத்தின் குறிப்புகளை ஏற்றார்கள். போன கூட்டம் முழுக்க அதற்கு முந்தைய கூட்டத்தின் குறிப்புகளைப் பற்றியது. வாக்குப் போடுவதில் கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று தவிர, கூட்டல் பூஜ்யம், கழித்தல் பூஜ்யம் என்று இரண்டு உண்டு. கூட்டல் பூஜ்யம் என்றால் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கைகொடுக்க மாட்டேன். கழித்தல் பூஜ்யம் என்றால் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தடுக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் ஒன்றுதான் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பெரியவர்கள் எத்தனை பேர் கழித்தல் பூஜ்யமாகவே வாழ்ந்து முடிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

குழுவுக்குத் தலைவர் கிடையாது. ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் உண்டு. ஏழு வருஷமாக அவரே. குரல் வெண்ணெய் மாதிரி இருக்கும். புதியவன் என்பதால் எனக்காக எல்லாவற்றையும் விளக்கினார்.

"இங்க தலைவர்னு யாரும் கிடையாது. அத நான் அனுமதிக்கவே மாட்டேன்" என்றார். "முடிவெடுக்கிறது நம்ம வேலையும் இல்ல. முடிவ எப்படி எடுக்கணும்னு முடிவெடுக்கிறதுதான் நம்ம வேலை. ஒரு சாய்கோட்டப் போடறதுக்கு யாராலயும் முடியும். ஆனா அதப் போட்டதுல யாருக்குமே வருத்தமில்லன்னு உறுதிப்படுத்த, ஒரு அமைப்பு வேணும்."

மற்ற பதினோரு பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அதில் ஒருவராவது மருந்துச்சீட்டில் லேபிள் அடித்துப் பார்த்திருப்பாரா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று விட்டுவிட்டேன்.

பின்னங்கள் உபகுழு ஆறு வாரம் உட்கார்ந்தது. முழு மாத்திரையை உடைப்பதைப் பற்றிப் பேசும்போது 'உடைப்பது' என்ற சொல் வன்முறையாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னதில் இரண்டு வாரம் போனது. சாய்கோடு ஏன் வலப்பக்கம் சாய்கிறது என்பதில் ஒரு வாரம். கடைசியில் உபகுழு, சாய்கோட்டைச் சேர்ப்பதால் சேராதவற்றுக்கு என்ன பாதிப்பு என்று தையல்காரர் எட்டுப் பக்கத்தில் அறிக்கை தர வேண்டும் என்று கேட்டது. தையல்காரர் ஒரு வரி எழுதினார்: "ஒருத்தர் பன்னிரண்டு மாத்திரை முழுங்கினா என்ன ஆகும்னு நீங்க எட்டுப் பக்கம் எழுதுங்க, அப்புறம் நான் எழுதறேன்."

குழுவில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஒருங்கிணைப்பாளர் புண்பட்டார். பிறகு வயதுவாரியாக எல்லாரும் புண்பட்டார்கள். இரண்டு நாளில் நடத்தைச் செயலாளர் என்ற அம்மாளிடமிருந்து தீர்மானம் வந்தது. தையல்காரரை மருந்துச்சீட்டிலிருந்து விலக்க வேண்டும். குழு இன்னும் ஏற்காத அவருடைய திருத்தங்களை மறுபரிசீலனை முடியும்வரை நீக்கிவைக்க வேண்டும். ஆதாரம் ஒன்று, மேற்படி வரி. ஆதாரம் இரண்டு, அவரால் தான் புண்பட்டதாகப் பயனர் ஒருவர் முன்பே எழுத்துமூலம் பதிவுசெய்திருக்கிறார். பக்கத்திலேயே என் படிவத்தை ஒட்டியிருந்தார்கள். ஒன்று என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பில் வட்டம்.

பதினேழாம் விதிப்படி மூன்று நாள். வெள்ளிக்கிழமை காலை பத்திலிருந்து திங்கள் காலை பத்து. ஒரே ஒருவர் மறுத்தால் போதும், தீர்மானம் நின்றுவிடும். ஆனால் மறுத்தவர் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். சமரசம் முடியும்வரை அவருடைய நாற்காலி இடைநிறுத்தம். அடுத்த வாரம் குழுவின் ஆண்டு மாநாடு. வேறு ஊரில், பெரிய மண்டபத்தில். 'பயனர்களின் குரல்' என்ற தலைப்பில் நான் பதினைந்து நிமிஷம் பேச வேண்டும். மச்சான் லீவு போட்டுவிட்டு வந்து உட்காருவதாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளி மத்தியானம் தையல்காரர் எனக்குத் தனியாக எழுதினார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். எனக்காக இல்ல, நான் போனா போறேன். அந்தச் சாய்கோடு போயிடும். நீங்க மருந்து குடுக்கிறவரு, உங்களுக்குப் புரியும்."

எனக்குப் புரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், முழுசாகப் புரிந்தது. 'மறுக்கிறேன்' என்று எழுதினேன். அனுப்பவில்லை. பன்னிரண்டு பேர் இருக்கிறார்களே, ஒருவராவது சொல்லாமலா போவார் என்று நினைத்தேன். அந்த ஒருவருக்குச் சேர வேண்டிய பெயரை நான் ஏன் தட்டிப்பறிக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். கோழைக்கு எவ்வளவு நல்ல எண்ணமெல்லாம் வருகிறது பாருங்கள். சனிக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்து, மாநாட்டுக்கு எந்தச் சட்டை நன்றாக இருக்கும் என்று எனக்காக யோசித்தார். ஞாயிறு மனைவி, "என்ன ரெண்டு நாளா வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். சளி என்றேன். திங்கள் காலை பத்தாவதற்கு நாலு நிமிஷம் இருக்கும்போது கடையில் ஆள் இல்லை. கம்ப்யூட்டர் திறந்திருந்தது. நான் எண்ணி வைத்த மாத்திரைகளைக் கொட்டி மறுபடி எண்ணினேன். முப்பது இருந்தது. மறுபடி எண்ணினேன். முப்பதுதான் இருந்தது. மணி பத்தே கால் ஆகியிருந்தது.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று குறிப்பு வந்தது. பயனர்களின் குரலும் இதில் முழுமையாக இசைந்திருப்பது குறிப்பிடத்தக்கது என்று என்னைத் தனியாகப் பாராட்டியிருந்தார்கள். பிற்பாடு குழுவில் இரண்டு பேர் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள்: தாங்களும் மறுக்கத்தான் இருந்தார்களாம், மருந்து கொடுக்கிறவரே சும்மா இருக்கும்போது நமக்கென்ன என்று விட்டுவிட்டார்களாம்.

தையல்காரரின் பக்கம் மூடப்பட்டது. வியாழக்கிழமை மருந்துச்சீட்டின் 'நல்லிணக்கப் பதிப்பு' வெளியானது. அதில் புதிதாக இரண்டு விஷயங்கள்: சின்னத்தின் நிறம் மாறியிருந்தது, குழுவினரின் படங்கள் சேர்க்கப்பட்டிருந்தன. அது ஒவ்வொரு மருந்துக்கடைக் கம்ப்யூட்டரிலும் தானாகவே இறங்கிக்கொள்ளும். என் கடைக்கு அன்று எனக்குப் பதிலாக ஓர் அம்மாள் வந்திருந்தார். சாய்கோடு போயிருக்கும், பேனாவால் போடுங்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். உரையின் மூன்றாவது பத்தியைத் திருத்திக்கொண்டே ரயில் ஏறியதில் மறந்துவிட்டேன்.

மாநாட்டில் கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். ஒருங்கிணைப்பாளர் பேசும்போது, நாம் கட்டியிருப்பது மென்பொருள் அல்ல, ஒரு பண்பாடு, மென்பொருள் இல்லாமல்கூட நம் குழு தொடர்ந்து இயங்க முடியும் என்று காட்டியிருக்கிறோம் என்றார். கைதட்டல் அடங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை என் முறை வந்தது. யாரும் கேட்காத குரல்களுக்குக் காது கொடுப்பதைப் பற்றிப் பேசினேன். நன்றாகவே பேசினேன். மச்சான் முதல் வரிசையில் உட்கார்ந்து படம் பிடித்தார். சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மரியாதையில்லை என்று எடுக்கவில்லை.

கடையிலிருந்து அந்த அம்மாள்தான் கூப்பிட்டிருக்கிறார். முந்தின நாள் வரிசை வாசல்வரை நின்றதாம். மாத்திரையைச் சரியாக எண்ணிப் போட்டவர் லேபிளைப் படிக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பதிவேட்டுக்காரர் காலையில் உறையை எடுத்திருக்கிறார். லேபிளைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேரும்போது சாயங்காலம். குளியலறையில் மயங்கி விழுந்ததில் நெற்றியில் தையல். உயிருக்கு ஆபத்தான கட்டத்தைத் தாண்டிவிட்டார் என்றார்கள். கட்டில் பக்கத்தில் அவர் மகள் நின்றிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் அப்பாவின் நோட்டைத் திறந்து நீட்டினாள். தேதி போட்டு, மணியான கையெழுத்தில் இருந்தது: 'லேபிளில் உள்ளபடி. கேட்க வேண்டியதில்லை. சொன்னவர் மருந்தாளுநர்.' என் கழுத்தில் அந்த அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். கழற்றிப் பையில் திணித்தேன்.

பேச்சுச் சத்தம் கேட்டு அவர் கண்ணைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். மகள் தடுத்தாள்.

"ஏழோட நின்னுட்டேன் தம்பி" என்றார். "எட்டாவது எறங்கல. பன்னிரண்டையும் முடிச்சிருக்கணும், முடியல. தப்பா எடுத்துக்காதீங்க."

அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரித் தரை கெட்டியாகத்தான் இருந்தது. அது என் தப்பு, உங்கள் தப்பில்லை, லேபிள் தப்பு என்று எனக்கு ஒரு நாள் முன்பே தெரியும் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் கையமர்த்தி, "எழுத்துல இருந்துச்சே" என்றார்.

அன்றே குழுவுக்கு எழுதினேன். நடந்ததை எழுதி, சாய்கோட்டை உடனே திருப்பிப் போடுங்கள், தையல்காரரைக் கூப்பிடுங்கள் என்றேன். இரண்டு நாளில் தீர்மானம் வந்தது: நடந்ததற்குக் குழு ஆழ்ந்த அக்கறை தெரிவிக்கிறது, இதற்குத் தனிநபர் யாரும் பொறுப்பல்ல, சாய்கோடு பற்றிப் பின்னங்கள் உபகுழு புதிதாக ஆராயும், மறுப்பிருந்தால் மூன்று நாள். நான் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. கழித்தல் ஒன்று போட்டேன். சம்பவம் என் கடையில் நடந்திருப்பதால் எனக்கு இதில் சொந்த நலன் இருக்கிறது, எனவே என் வாக்கு செல்லாது என்று நடத்தைச் செயலாளர் அன்போடு தெரிவித்தார். பதவியை ராஜினாமா செய்தேன். அதையும் தீர்மானமாக வைத்தார்கள். மூன்றாம் நாள் ஒருங்கிணைப்பாளர் மறுத்துவிட்டார். அவர் மறுத்தால் இடைநிறுத்தம் கிடையாதாம். என் குரல் இல்லாமல் குழு ஊமையாகிவிடும் என்று காரணம் எழுதியிருந்தார். ஆகவே இன்றைக்கும் நான்தான் பயனர்களின் குரல். வட்டத்துக்குள் என் முகம் இப்போதும் சிரித்துக்கொண்டிருக்கிறது. மச்சான் அன்று எடுத்த படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பரண்மேல் போட்டிருக்கிறேன். மனைவி காரணம் கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஒரு வார்த்தைதானே" என்றாள்.

வேறு மென்பொருளுக்கு மாறலாம் என்று டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். பத்து வருஷத்து நோயாளிகளின் விவரமெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது, மெதுவாகப் பார்க்கலாம் என்றார். பழைய திருத்தத்தைத் தேடினேன். தையல்காரரின் பக்கத்தோடு அதுவும் போயிருந்தது. அவருடைய பழைய கடிதத்தில் மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தது. அந்த முகவரிக்கு எழுதினேன். இரண்டு பக்கம் எழுதி அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது: 'அந்த மூன்று நாளும் நான் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். உறையைத் திருப்பி வாங்கிவிட்டீர்களா என்று முதல் நாளே கேட்டீர்கள். இந்தத் தடவை வாங்கவில்லை. என்னை மன்னியுங்கள்.'

மூன்று நாள் போனது. நாலாம் நாளும் போனது. இன்றுவரை பதில் இல்லை.

பதினேழாம் விதிப்படி அவர் என்னை மனமார மன்னித்துவிட்டார். நான் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, லேபிள் ஒவ்வொன்றாக வெளியே வர வர, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.